மஞ்சள் புழுவும் வெள்ளைச் சதையும்

கேமரன் மலையின் ரிங்லெட் அணை ஏரியில் பிடித்த மீனைக் கியா பார்ம் வீட்டுச் சமையலறையில் அறுக்கும்போது சதைக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு விதை உருண்டு வந்தால், அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். விதை அசைகிறது, புழு என்று தெரிகிறது, மீன் முழுவதும் குப்பைக்குப் போகிறது. அதே ஏரியில் அதே நாளில் பிடித்த இன்னொரு மீன், சதை வெள்ளையாக இருந்த ஒரே காரணத்தால் சட்டிக்குப் போகிறது. அணையில் தூண்டில் போடுகிறவர்களிடம் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த இரண்டு முடிவுகளைப் பற்றித்தான். முதல் மீனை எறிந்ததில் எனக்குச் சண்டை இல்லை. அருவருப்பு அவரவர் உரிமை. இரண்டாவது மீனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டதுதான் எனக்குக் கவலை. அணை மீனில் கண்ணுக்குத் தெரிகிற புழு, நமக்கு வரக்கூடிய கெடுதல்களில் கடைசி வரிசையில் நிற்பது. நாம் அதை முதல் வரிசையில் வைத்துப் பயப்படுகிறோம். முன்னால் நிற்க வேண்டியவற்றைப் பார்ப்பதே இல்லை.

அந்த மஞ்சள் விதைக்குக் கிளினோஸ்டோமம் என்று பெயர். தட்டைப்புழுக்களின் குடும்பம். அதன் தாய்ப்புழு வாழ்வது மீனில் அல்ல, கொக்கு, நாரை போன்ற பறவைகளின் வாயிலும் தொண்டையிலும். பறவை தண்ணீரில் அலகை வைத்து இரை தேடும்போது முட்டைகள் ஏரியில் விழுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஒரு நத்தைக்குள் புகுந்து அங்கே பல மடங்காகப் பெருகி, வால் முளைத்த நுண்ணிய புழுக்களாக மறுபடி நீரில் இறங்குகிறது. அவை மீனின் தோலைத் துளைத்துச் சதையில் சென்று கூடு கட்டிக்கொள்கின்றன. அந்தக் கூடுதான் நாம் பார்க்கிற மஞ்சள் விதை. கொக்கு அந்த மீனை விழுங்கினால் வட்டம் முடிகிறது. மீனின் தோலிலும் செதிலிலும் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள் இருக்கின்றனவே, அவையும் இதே வழியில் வந்த வேறொரு தட்டைப்புழுவின் இளம் பருவம். கறுப்பு நிறம் புழுவுடையது அல்ல. உள்ளே நுழைந்த அந்நியனைச் சுற்றி மீன் தானே படரவிட்ட நிறமி. துடுப்பின் அடியில் நூல்போலத் தொங்கும் நங்கூரப்புழு உண்மையில் புழுவே இல்லை, இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்து உறவு. அதன் தலை மீனின் சதைக்குள் நங்கூரம்போலக் கிளைத்து நிற்கும். வெளியே தெரியும் முனையில் இரண்டு முட்டைப்பைகள் தொங்கும். மீன் பேன் என்று சொல்லப்படும் ஆர்குலஸும் அதே கூட்டம்தான். இந்த நான்கில் எதுவும் நன்றாக வெந்த மீனிலிருந்து மனிதனுக்கு வராது. பின்னிரண்டு வேகாத மீனிலிருந்தும் வராது. மஞ்சள் புழு மட்டும், ஜப்பானிலும் கொரியாவிலும் நன்னீர் மீனைப் பச்சையாகத் தின்ற சிலரின் தொண்டையில் ஒட்டிக்கொண்டு அழற்சி உண்டாக்கியதாக மருத்துவ ஏடுகளில் பதிவு உண்டு. பச்சையாகத் தின்றதால் வந்த வினை அது.

பாஸ் மீனைத் தேடிப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மலேசியாவில் இந்தச் சொல்லே குழப்பமானது. உணவகத்தில் ‘பாஸ்’ என்றால் சியாக்காப், அதாவது நம் கொடுவா. தூண்டில்காரர்கள் ‘பாஸ்’ என்றால் அமேசான் காட்டு ஆறுகளிலிருந்து வந்து பேராக், சிலாங்கூர் ஈயக் குட்டைகளில் குடியேறிவிட்ட பீகாக் பாஸ். வெப்பநீர் மீனான அதற்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாது; அதனால் கேமரன் மலையில் இருப்பவர்கள் அதைப் பிடிக்கக் கீழே இறங்குகிறார்கள். எந்த பாஸ் ஆனாலும் அது மீன் தின்னும் மீன். சின்ன மீன்களில் ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கும் புழுக்கள், அவற்றை ஆண்டுக்கணக்கில் விழுங்கும் பெரிய மீனில் சேர்ந்துபோகின்றன. வட அமெரிக்க பாஸ் மீன்களில் வரும் நாடாப்புழு ஒன்று நீர்த்தெள்ளில் தொடங்கி, சின்ன மீனில் ஏறி, பாஸ் மீனின் சினைப்பைக்குள் புகுந்து அதை மலடாக்கவும் செய்யும். தூண்டில்காரர் பெருமையோடு தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் பெரிய மீன்தான் பெரும்பாலும் அதிகப் புழுச் சுமை கொண்டது. புழு மட்டுமா சேர்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி ஏரியைப் பார்ப்போம். ரிங்லெட் ஏரி இயற்கையாக உண்டானதல்ல. 1960-களின் தொடக்கத்தில் பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபு பக்கார் அணை எழுந்தபோது தேங்கிய நீர் அது. அங்கிருந்து சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறங்கி, சுல்தான் யூசுப் மின்நிலையத்தில் 100 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது. கட்டியபோது ஏறத்தாழ 63 லட்சம் கன மீட்டர் நீர் கொள்ளும் என்று கணக்கிட்டார்கள். அணைகளின் அளவில் இது சின்னக் கிண்ணம்தான். அந்தக் கிண்ணத்தில் மலை முழுவதிலிருந்தும் சேறு வந்து விழுகிறது. மேலே டெலோம் ஆற்றுத் தண்ணீரைக்கூடச் சுரங்கம் வெட்டிப் பெர்த்தாமோடு சேர்த்திருக்கிறார்கள். ஆகவே பிரிஞ்சாங், கியா பார்ம், கம்போங் ராஜா பக்கத்துச் சரிவுகளின் மண்ணில் பெரும்பகுதிக்குக் கடைசியில் ஒரே முகவரிதான். முற்றிய தேயிலைச் செடி மண்ணைக் குடைபோல மூடி நிற்கும். காய்கறிப் பாத்தியோ அறுவடைக்கு அறுவடை மண்ணைத் திறந்து போடும், உரமும் கேட்கும். திறந்த மண்ணும் கரைந்த உரமும் மழையோடு ஏரிக்கு இறங்கினால் ஏரி மேடாகும், ஓரம் ஆழமற்றுப்போகும், ஆகாயத்தாமரை படரும். மண்ணை வாரவும் தாமரையை அகற்றவும் அங்கே ஓயாமல் இயந்திரம் வேலை செய்வதைச் சாலையில் போகிறவர்களே பார்க்கலாம். நத்தைக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. ஆழமற்ற, வெதுவெதுப்பான, பாசி பிடித்த ஓரம், ஒட்டிக்கொள்ள வேர்கள், மேலே வந்து நிற்கக் கொக்கு. நத்தை பெருகினால் புழு பெருகும் என்பது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவில் தவளைகள் கோணல் கால்களோடு பிறந்ததன் காரணத்தைத் தேடிய ஆய்வாளர்கள், நீரில் உரச்சத்து கூடினால் நத்தை கூடுகிறது, நத்தை கூடினால் அதில் வளரும் தட்டைப்புழுவும் கூடுகிறது என்று 2007-இல் சோதனைத் தொட்டிகளில் காட்டினார்கள்.

அப்படியானால் புழு இருந்தால் ஏரி கெட்டது, புழு இல்லாவிட்டால் ஏரி நல்லது என்று சொல்லிவிடலாமே என்று கேட்பார்கள். சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானம் தேவை. கிளினோஸ்டோமம் வாழ வேண்டுமென்றால் நத்தையும் வேண்டும், மீனும் வேண்டும், பறவையும் வேண்டும். மூன்றில் ஒன்று செத்தாலும் புழு இல்லை. நஞ்சு கலந்து நத்தையெல்லாம் அழிந்த நீரில் வாழும் மீனின் சதை வெள்ளை வெளேரென்றிருக்கும்! ஆகவே மீனில் ஒன்றிரண்டு புழு என்பது ஏரியில் உயிர் ஓடுகிறது என்பதற்கான சாட்சி. ஒரே மீனில் முப்பது நாற்பது கூடு, அதுவும் மீனுக்கு மீன் அப்படியென்றால், நத்தை மிதமிஞ்சிப்போயிருக்கிறது, ஓரம் தூர்ந்திருக்கிறது என்று படிக்கலாம். புழுவே இல்லை என்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், மோசமான செய்தியாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மலைத் தண்ணீர் குளிர்ந்தது, ஆகவே சுத்தம் என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. குளிர் புழுக்களின் வளர்ச்சியை மெதுவாக்கும். நங்கூரப்புழுவின் குஞ்சுகள் 20 பாகைக்குக் கீழே வளர முடியாமல் திணறும். ஆனால் மெதுவாக்குவது வேறு, இல்லாமலாக்குவது வேறு.

இப்போது கண்ணுக்குத் தெரியாததற்கு வருகிறேன். வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் நன்னீர்க் கெண்டை வகைகளைப் பச்சையாகக் கொத்தி, எலுமிச்சையும் மிளகாயும் பிசைந்து தின்பது பழைய வழக்கம். அந்த மீனில் இருக்கும் கல்லீரல் தட்டைப்புழுவின் கூடு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. யார் கண்ணுக்கும் படாது. பல ஆண்டுகள் பித்தநாளத்தில் தங்கி அது புற்றுநோய்க்கு வழி செய்கிறது. உலகிலேயே பித்தநாளப் புற்றுநோய் மிக அதிகமாக உள்ள பகுதி வடகிழக்குத் தாய்லாந்துதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994-இல் அந்தப் புழுவை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. மலேசியாவுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு சான்று உண்டு. 2015-இல் சிங்கப்பூரில், கஞ்சியோடு பச்சை மீன் தின்ற பலர் கடுமையான பாக்டீரியாத் தொற்றில் விழுந்தார்கள். சோங் கெண்டையும் தோமான் விராலும்தான் அந்த மீன்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பதையே அங்கே தடை செய்துவிட்டார்கள். அந்தத் தட்டுகளில் இருந்த மீன் துண்டு கண்ணாடிபோல அழகாகத்தான் இருந்திருக்கும்.

இங்கே நம் வீடுகளில் எழும் மறுப்பு எனக்குத் தெரியும். நாம்தான் பச்சையாகத் தின்பதில்லையே, மஞ்சளும் புளியும் போட்டால் எந்தப் புழு பிழைக்கும் என்பார்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மை, நம் குழம்பு நம்மைக் காத்துவந்திருக்கிறது. காத்தது புளியோ மஞ்சளோ அல்ல, அடுப்பு. எலுமிச்சைச் சாறு சதையை வெளுக்கச் செய்து வெந்ததுபோலக் காட்டும். கூட்டுக்குள் இருக்கும் புழு அதில் சாவதில்லை. லேசான உப்புக்கும் அப்படித்தான். ஏரிக்கரையில் கரி மூட்டி மீன் சுடுகிறவர்களிடம் ஆபத்து இந்த வழியில்தான் வருகிறது. வெளித்தோல் கருகியிருக்கும், முதுகெலும்பை ஒட்டிய சதை கண்ணாடிபோலப் பச்சையாக இருக்கும். எலும்பிலிருந்து சதை தானே இதழ் இதழாகப் பிரிய வேண்டும், எலும்போரம் சிவப்புத் தெரியக்கூடாது. கணக்காகச் சொன்னால் சதையின் நடுவே 63 பாகை செல்சியஸ். பெரிய மீனானால் இருபுறமும் முள் வரை ஆழமாகக் கீறிவிட்டுத்தான் சுட வேண்டும். குளிர்பெட்டியில் உறையவைத்தால் போதாதா என்றால், புழுவுக்குப் போதும், ஆனால் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் ஏழு நாள் வேண்டும். அடிக்கடி திறந்து மூடும் வீட்டுப்பெட்டி அந்தக் குளிரில் நிலையாக நிற்பதில்லை. பாக்டீரியாவோ உறைந்தும் பிழைத்திருக்கும். ஆகவே குளிர்பெட்டியை நம்பி அடுப்பைக் குறைக்காதீர்கள். பச்சை மீன் அறுத்த கத்தியிலும் பலகையிலும் வெங்காயம் நறுக்காதீர்கள். தூண்டிலுக்கு இரையாக வைத்திருக்கும் சின்ன மீனை விளையாட்டுக்குக்கூட உயிரோடு விழுங்காதீர்கள். அமெரிக்காவின் மேரிலாந்தில் 1982-இல் அப்படி விழுங்கிய மூன்று தூண்டில்காரர்களில் இருவரின் குடலை ஒரு சிவப்பு உருளைப்புழு துளைத்து வெளியே வந்தது.

அடுப்பு இதுவரை எல்லாவற்றையும் தீர்த்துவைத்தது. அது தீர்க்காத ஒன்று மிச்சம் இருக்கிறது, கேமரன் மலையில் அதைப் பேசாமல் மீனைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. இந்த மலையின் ஆறுகளில் பூச்சிமருந்து எச்சங்கள் இருப்பதை மலேசிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பழைய குளோரின் வகை மருந்துகள் நீரில் எளிதில் கரைவதில்லை. சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன, சேற்றைக் கிளறித் தின்னும் மீனின் கொழுப்பில் ஏறுகின்றன, அந்த மீனைத் தின்னும் மீனில் இன்னும் அதிகமாகச் சேர்கின்றன. மேலே பெரிய பாஸ் மீனைப் பற்றி நான் பாதியில் விட்டது இதுதான். புழுவைச் சேர்ப்பது போலவே அது நஞ்சையும் சேர்க்கிறது. புழு வேகும், நஞ்சு வேகாது. மஞ்சள் விதையைப் பார்த்து எறிந்த மீனும் வெள்ளையாக இருந்ததால் சமைத்த மீனும் ஒரே சேற்றின் மேல் நீந்தியவை. வயதிலும் எடையிலும் இரண்டாவது மீன் பெரியதாக இருந்திருந்தால், எறிந்திருக்க வேண்டியது எது என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியானால் அணை மீனே வேண்டாமா? வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தூண்டில் பொழுதுபோக்கும்தான், கறியும்தான். அதை அச்சம் காட்டிப் பறிப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதே மலையின் கோசும் தக்காளியும் தின்றுகொண்டு, மீனுக்கு மட்டும் நடுங்குவதும் பொருந்தாது. பூச்சிமருந்து வகை நஞ்சு பெரும்பாலும் கொழுப்பில் தங்குவதால், எதைத் தின்பது, எதை வெட்டி எறிவது என்பது நம் கையில் இருக்கிறது. பெரியதை விட்டுவிட்டு உள்ளங்கை அளவிலிருந்து ஒரு சாண் வரையுள்ள மீனை எடுத்துக்கொள்ளலாம். குடல், ஈரல், வயிற்றுக் கொழுப்பு, பக்கவாட்டுக் கருஞ்சதை, முடிந்தால் தோலையும் நீக்கிவிடலாம். பொரித்த எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தாமல் கொட்டிவிடலாம். ஏரி மீனை வாரம் முழுதும் தின்னாமல் எப்போதாவது தின்னலாம். கருவுற்ற பெண்ணுக்கும் சிறு குழந்தைக்கும் தொடர்ந்து கொடுப்பதைத் தவிர்க்கலாம். மீனின் தலை நமக்கு ருசி என்பது எனக்கும் தெரியும். ஆனால் கொழுப்பு அங்கேயும் இருக்கிறது, காய்கறிச் சரிவுகளுக்குக் கீழே இருக்கும் ஏரியின் மீன் என்றால் அந்த ஆசையை விட்டுவிடத்தான் சொல்வேன். சில நஞ்சுகள் இந்த வழிக்கும் அடங்குவதில்லை. பாதரசம் கொழுப்பை விட்டுச் சதையிலேயே தங்குவது. அதற்குச் சின்ன மீனைத் தேர்ந்தெடுப்பது ஒன்றே வழி.

மீனுக்குள் இருப்பதைப் பற்றி இவ்வளவு பேசும்போது, மீன் இருக்கும் நீரைச் சொல்லாமல் விட முடியாது. எலிகளின் சிறுநீரிலிருந்து தண்ணீருக்கு வரும் எலிக்காய்ச்சல் கிருமி, காலில் இருக்கும் சின்னக் கீறல் வழியே உடலுக்குள் போகும். கேமரன் மலை இருக்கும் இதே பகாங் மாநிலத்தில் 2010-இல் லுபோக் யூ நீர்நிலையில் மூழ்கியவரைத் தேடித் தண்ணீரில் இறங்கிய பலருக்கு எலிக்காய்ச்சலும் மெலியாய்டோசிஸ் என்ற மண் கிருமித் தொற்றும் வந்து, சிலர் இறந்தே போனார்கள். துடுப்பு முள் குத்திய கையோடு ஏரியில் மீன் அலசுகிறவருக்குச் சதையிலுள்ள மஞ்சள் புழுவைவிட அந்தத் தண்ணீர்தான் கிட்டத்து ஆபத்து. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையுறை, கீறல் இருந்தால் நீர் புகாத கட்டு, வீட்டுக்கு வந்ததும் சோப்புக் குளியல். சில நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், ஏரிக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டெங்கி என்று நினைத்துக் காலம் போய்விடும். அணைக்குக் கீழே பெர்த்தாம் ஆற்றங்கரையில் மழை நாளில் நிற்பதை நான் எந்த மீனுக்காகவும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2013 அக்டோபரில் கடும் மழையின்போது அணை நீர் திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன, உயிர்களும் போயின. சேற்றால் கொள்ளளவு குறைந்த கிண்ணம் சீக்கிரம் நிரம்பும். நத்தையைப் பெருக்கும் அதே சேறுதான் இதற்கும் ஒரு காரணம்.

கடைசியாக, நம் கையால் நாம் பரப்புவது. ஒரு நீர்நிலையின் மீனை வாளியில் கொண்டுபோய் இன்னொன்றில் விடுவது, பாசத்தோடு செய்தாலும், புழுவுக்கு வண்டி பிடித்துக் கொடுக்கிற வேலை. ஆசிய நாடாப்புழு என்ற ஒன்று, புல் கெண்டைக் குஞ்சுகளோடு பயணம் செய்தே உலகின் பல கண்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மீனே கேடாக மாறுவதும் உண்டு. பனாமாவின் கட்டூன் ஏரியில் 1960-களின் இறுதியில் பீகாக் பாஸ் புகுந்த சில ஆண்டுகளில் அங்கிருந்த சின்ன மீன் வகைகள் பெரும்பாலும் காணாமற்போயின. அந்த மீன்களை நம்பியிருந்த பறவைகளும் குறைந்தன. கெலா, செபாரா என்ற நம் நாட்டு ஆற்று மீன்கள் இன்னும் மிச்சமிருக்கும் ஆறுகள் பகாங்கில் உண்டு. அங்கே தூண்டில் ஆசைக்காக ஒரு வாளி பாஸ் குஞ்சை ஊற்றுகிறவரை நான் மன்னிக்க மாட்டேன். ஈயக் குட்டையில் மீன் பிடித்த வலையையும் பூட்ஸையும் மலை ஏரிக்குக் கொண்டுவரும் முன் வெயிலில் முறுகக் காயவையுங்கள். நத்தைக் குஞ்சு ஒரு வேர்த்துண்டில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மீன் குடலையும் புழு எடுத்த சதையையும் ஏரியில் வீசாதீர்கள், வீட்டு நாய்க்கும் பூனைக்கும் பச்சையாகப் போடாதீர்கள். தாய்லாந்தில் கல்லீரல் புழுவின் வட்டத்தைத் தாங்கி நிற்பதில் மனிதனோடு நாய்க்கும் பூனைக்கும் பங்கு உண்டு. கரையிலிருந்து தள்ளி, மழைநீர் ஓடாத மேட்டில், ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்து மேலே கனமான கல் ஒன்றை வைத்துவிடுங்கள், நாய் கிளறாது.